வேகம் சும்மா ஏறினால் சந்தேகப்படுங்கள்: இடிமழையிலும் விண்ட் ஷியரிலும் தரையிறக்கத்தைக் கைவிடும் வழிமுறை

சிமுலேட்டரில் புது உதவி பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. விண்ட் ஷியர் பாடம் நடக்கும் நாளில் எல்லோருமே தப்பிக்கும் முறையை மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். எந்த விசையை அழுத்த வேண்டும், மூக்கை எத்தனை பாகை தூக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது, எல்லாம் தெரியும். தடுமாறுவது அதற்கு முந்தைய அரை நிமிடத்தில்தான். அறிகுறி கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அது அறிகுறி என்று உறைக்காது. அதனால் காக்பிட்டில் உட்கார்ந்து எதைப் பார்ப்பீர்கள், எதைக் கேட்பீர்கள் என்ற வரிசையிலேயே இதை எழுதுகிறேன். தூரத்தில் தெரிவது முதலில் வரும், சக்கரம் தரையைத் தொட்டபின் வருவது பின்னால்.

உங்கள் விமான வகையின் கையேடும் நிறுவனத்தின் விதிகளும் நான் எழுதியதற்கு மேலே. போயிங்குக்கும் ஏர்பஸ்ஸுக்கும் சில எண்களும் சில வரிசைகளும் மாறும். முக்கியமான இடங்களில் இரண்டையும் சொல்கிறேன்.

என்ன நடக்கிறது

காற்றின் வேகமோ திசையோ சிறு தூரத்துக்குள் சட்டென்று மாறுவதுதான் விண்ட் ஷியர். இடிமேகத்துக்கு அடியில் அதன் கொடிய வடிவம் மைக்ரோபர்ஸ்ட். மழையும் ஆலங்கட்டியும் காற்றை இழுத்துக்கொண்டு இறங்குகின்றன. ஈரம் ஆவியாகும்போது அந்தக் காற்று இன்னும் குளிர்ந்து கனத்துக் கீழே பாய்கிறது. ஒரு குடம் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தால் நாலாபுறமும் சிதறும் அல்லவா, அதே மாதிரி தரையில் மோதி எல்லாப் பக்கமும் விரிகிறது. அகலம் 4 கிலோமீட்டருக்கு உள்ளேதான், ஆயுள் பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடம். கீழ்நோக்கிய வேகம் நிமிடத்துக்கு 6,000 அடி வரைக்கும் போகலாம்.

இப்போது 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகத்தில் இறங்கும் ஒரு விமானத்தை அதற்குள் விடுங்கள். முதலில் எதிர்காற்று கிடைக்கிறது, காட்டும் வேகம் 160 ஆகிறது. அப்புறம் தலைக்கு மேலிருந்து அழுத்தும் காற்று. அதைத் தாண்டியதும் அதே காற்று முதுகுப் பக்கத்திலிருந்து தள்ளுகிறது, வேகம் 120-க்கு விழுகிறது. 4 கிலோமீட்டரை அந்த விமானம் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். 20 நாட் கூடியதும் 40 நாட் குறைந்ததும் அந்த ஒரே நிமிடத்துக்குள்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட் ஃபுஜிட்டா. டொர்னாடோ என்னும் சுழல் சூறாவளிக்கு அளவுகோல் வகுத்தவரும் இவரே. 1974-ல் அமெரிக்காவில் சூறாவளிகள் கூட்டமாக வீசியபின், சில இடங்களில் மரங்கள் சுழன்று விழாமல் ஒரு மையத்திலிருந்து நட்சத்திரம் போல வெளிநோக்கிச் சாய்ந்து கிடப்பதை வானிலிருந்து பார்த்தார். அணுகுண்டு விழுந்த நாகசாகியில் பார்த்த அதே வடிவம். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ஒரு விமானம் விழுந்தபோது அவருக்கு இந்த வடிவம்தான் நினைவுக்கு வந்தது. அந்த விபத்துக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

அறிகுறி: ரேடாரில் ஓடுபாதையை ஒட்டிச் சிவப்பு

இன்னும் 40 கடல் மைல் இருக்கிறது. இறங்கும் பாதையின் கடைசி 5 மைலை ஒட்டிக் கனமழையைக் காட்டும் சிவப்பு, நடுவில் அதைவிட மோசமான மெஜந்தா. இதுதான் பிரச்சினையை மலிவாக முடிக்கும் இடம். இங்கே எடுக்கும் முடிவுக்கு யாருக்கும் வியர்க்காது.

முதலில் ரேடாரின் சாய்வை இரண்டு மூன்று பாகை மேலும் கீழும் மாற்றிப் பாருங்கள். ஒரே கோணத்தில் பார்த்தால் மேகத்தின் ஒரு துண்டுதான் தெரியும். அப்புறம், சிவப்புக்குப் பின்னால் கறுப்பாகத் தெரிந்தால் அங்கே மழை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கனத்த மழை ரேடார் அலையை விழுங்கிவிடும். பின்னால் இன்னும் பெரிய மேகம் நின்றாலும் திரையில் அது வராது.

அடுத்தது எரிபொருள். அதைக் கிலோவில் யோசிக்காமல் நிமிடத்தில் யோசியுங்கள். ஒரு உதாரணக் கணக்கு: கையில் 5,200 கிலோ. மாற்று விமான நிலையத்துக்குப் போகவும், கடைசிக் கையிருப்பான 30 நிமிடத்துக்குமாக 3,400 கிலோ. மீதி 1,800. வட்டமடிக்கும்போது நிமிடத்துக்கு 40 கிலோ எரிந்தால், 45 நிமிடம் காத்திருக்கலாம். மைக்ரோபர்ஸ்ட்டின் ஆயுள் 15 நிமிடம் என்று மேலே சொன்னேன். உங்களிடம் அதைப் போல மூன்று மடங்கு நேரம் இருக்கிறது. "1,800 கிலோ கூடுதல்" என்று சொன்னால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். "45 நிமிடம் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த ஆளின் தோள் இறங்குவது தெரியும்.

காத்திருக்கும் நேரத்தில் மூன்று வேலைகளை முடியுங்கள். கோ-அரவுண்ட் (தரையிறக்கத்தைக் கைவிட்டு மேலே ஏறுவது) போனால் வரைபடத்தில் போட்டிருக்கும் பாதை நேராக இடிமேகத்துக்குள் போகிறதா என்று பாருங்கள். போனால், வேறு திசை வேண்டும் என்று கட்டுப்பாட்டு மையத்திடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். 600 அடியில் அதைக் கேட்க நேரம் இருக்காது. இரண்டாவது, விண்ட் ஷியர் வரலாம் என்று நினைத்தும் இறங்க முடிவெடுத்தால் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் நீளும் பலகை) கொஞ்சம் குறைவாக வையுங்கள். போயிங் 737-ல் 40-க்குப் பதில் 30, ஏ320-ல் ஃபுல்லுக்குப் பதில் 3. இழுவை குறைந்தால் ஏறும் சக்தி மிஞ்சும். ஓடுபாதை நீளம் அதற்குப் போதுமா என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, எச்சரிக்கை ஒலித்தால் நான் என்ன செய்வேன், நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். மனசுக்குள் போட்ட திட்டம் அடுத்த இருக்கையில் இருப்பவருக்குக் கேட்காது.

அறிகுறி: முன்னால் போன விமானம் நல்லபடியாக இறங்கிவிட்டது

இதையும் அறிகுறியாகத்தான் எழுதுகிறேன். ஏனென்றால் இதைக் கேட்டதும் மனம் தளர்கிறது.

1975 ஜூன் 24, நியூயார்க் கென்னடி விமான நிலையம். ஓடுபாதையின் வாசலில் இடிமழை. ஒரு சரக்கு விமானம் சிரமப்பட்டு இறங்கிவிட்டு, கடுமையான விண்ட் ஷியர் இருக்கிறது, ஓடுபாதையை மாற்றுங்கள் என்று டவரிடம் சொன்னது. அடுத்து வந்த ஈஸ்டர்ன் 902 தரைக்கு அருகில் தடுமாறி, தரையிறக்கத்தைக் கைவிட்டு மேலே ஏறியது, காரணத்தையும் ரேடியோவில் சொன்னது. சில நிமிடம் கழித்து அதே நிறுவனத்தின் 66-ஆம் எண் விமானம், ஒரு போயிங் 727, அதே ஓடுபாதைக்கு வந்தது. 902 சொன்னது அவர்கள் காதிலும் விழுந்திருந்தது. ஓடுபாதைக்கு முன்னே விளக்குத் தூண்களில் மோதி விழுந்தது. 113 பேர் இறந்தார்கள். ஃபுஜிட்டா ஆராய்ந்தது இந்த விபத்தைத்தான். பல விமானங்கள் அந்தப் பாதையில் வெவ்வேறு நிமிடங்களில் வெவ்வேறு காற்றைச் சந்தித்திருக்கின்றன என்று அவர் காட்டினார்.

அதனால் முன்னால் போனவர் இறங்கியது அவருடைய இரண்டு நிமிடத்தைப் பற்றிய செய்தி, உங்களுடையதைப் பற்றியது இல்லை. அவர் கோ-அரவுண்ட் போனால் மட்டும் அது உங்களுக்கும் செய்தி. இது ஒருபக்கமான கணக்குதான், அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

டவர் எண்ணோடு சொன்னால் இன்னும் நல்லது. அமெரிக்க விமான நிலையங்களில் தரையிலுள்ள கருவிகள் 15 நாட்டிலிருந்து 30-க்குள் வேக இழப்பைக் கண்டால் விண்ட் ஷியர் என்றும், 30 நாட்டும் அதற்கு மேலும் இழப்பு என்றால் மைக்ரோபர்ஸ்ட் என்றும் எச்சரிக்கின்றன. மைக்ரோபர்ஸ்ட் என்ற சொல் காதில் விழுந்தால் விவாதம் வேண்டாம். இறங்காதீர்கள்.

அறிகுறி: கண்ணாடிக்கு வெளியே

மேகத்தின் அடியிலிருந்து தொங்கும் மழைத் திரை தரையைத் தொடாமல் பாதியிலேயே கரைந்து போகிறது. அல்லது மழைத் தூணின் அடிப்பகுதி வெளிப்பக்கமாகச் சுருண்டு எழுகிறது. அல்லது காய்ந்த நிலத்தில் தூசி வளையமாகக் கிளம்புகிறது. ஓடுபாதையின் இரு முனையிலும் இருக்கும் காற்றுப்பைகள் எதிரெதிர்த் திசை காட்டுகின்றன. இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் போதும். தரையைத் தொடாத மழைதான் ரொம்ப ஏமாற்றும், பார்க்க மெல்லியதாக இருக்கும். அது ஆவியாகி முடிந்திருக்கிறது என்றால் அந்தக் குளிர் முழுவதும் காற்றுக்குள் போயிருக்கிறது. ஈரம் குறைவாக இருப்பதால் உங்கள் ரேடாரும் அதைச் சரியாகப் பார்க்காது.

அறிகுறி: "மானிட்டர் ரேடார் டிஸ்ப்ளே" அல்லது "கோ-அரவுண்ட், விண்ட்ஷியர் அஹெட்"

இது முன்கூட்டிப் பார்க்கும் கருவியின் குரல். ரேடார் மூக்குக்கு முன்னே சில மைல் தூரத்துக்கு மழைத்துளிகளின் வேக வித்தியாசத்தை அளந்து சொல்கிறது. முதல் வாக்கியம் எச்சரிக்கை: திரையைப் பாருங்கள், விலக வழி இருந்தால் விலகுங்கள். இரண்டாவது வாக்கியம் உத்தரவு.

நல்ல செய்தி, நீங்கள் இன்னும் அதற்குள் போகவில்லை. அதனால் வழக்கமான கோ-அரவுண்ட் போதும்: டோகா (ஏறுவதற்கான முழு எஞ்சின் வலு), மூக்கு மேலே, ஃபிளாப் ஒரு படி உள்ளே, ஏறுவது உறுதியானதும் சக்கரம் உள்ளே. போகும் வழியில் ஷியருக்குள் மாட்டிக்கொண்டால் மட்டும் கீழே சொல்லும் தப்பிக்கும் முறைக்கு மாறுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வெளியே இருக்கும்போது சக்கரத்தை உள்ளே இழுக்கலாம், உள்ளே மாட்டியபின் இழுக்கக் கூடாது.

அறிகுறி: ஒன்றும் செய்யாமலே வேகம் ஏறுகிறது

இந்த இடத்துக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

சிமுலேட்டரில் 900 அடி. குறிவைத்த வேகம் 142. நான் பின்னால் உட்கார்ந்து மைக்ரோபர்ஸ்ட் விசையை அழுத்துகிறேன். வேகப் பட்டையில் அம்புக்குறி மேல்நோக்கி நீள்கிறது: 148, 153, 158. விமானம் சரிவுப்பாதைக்குக் கொஞ்சம் மேலே மிதக்கிறது. நான் திரையைப் பார்ப்பதில்லை, பயிற்சி பெறுபவரின் இடது கையைப் பார்ப்பேன். பத்தில் எட்டுப் பேரின் கை, எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரைப் பின்னால் இழுக்கும். மணிக்கட்டு மட்டும் அசையும், விரல்கள் தளர்வாக இருக்கும், பழக்கத்தில் செய்யும் வேலை. வேகம் கூடினால் குறை என்று முதல் நாளிலிருந்து நாங்கள்தானே கற்றுக்கொடுத்தோம். அந்தக் கை பின்னால் போய் நான்கு விநாடி ஆனபின் காற்று திரும்புகிறது. இப்போது வேகம் விழுகிறது, எஞ்சினும் கிட்டத்தட்ட சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜெட் எஞ்சின் அங்கிருந்து முழு வலுவுக்கு வர 5 முதல் 8 விநாடி எடுக்கும்.

வலுவைத் தானாக மாற்றும் ஆட்டோத்ராட்டில் போட்டிருந்தால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். அதுவும் இதையேதான் செய்யும். போயிங்கில் லீவர் உங்கள் உள்ளங்கைக்குக் கீழே பின்னால் நழுவும், கை வைத்திருந்தால் தெரியும். ஏர்பஸ்ஸில் லீவர் அசையாது, எஞ்சின் எண் குறைவதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஏர்பஸ்ஸில் எதிர்காற்று கூடும்போது குறி வேகமே தானாக உயர்ந்து, எஞ்சின் ரொம்ப இறங்காமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அது உதவும், ஆனால் மைக்ரோபர்ஸ்ட்டுக்கு அது மட்டும் போதாது.

1985 ஆகஸ்ட் 2, டெல்டா 191, டாலஸ். ஒரு டிரைஸ்டார் விமானம் மழைத் தூணுக்குள் நுழைந்தது. வேகம் 149-ஐத் தாண்டக் கூடாது, 173 ஆனது. கேப்டன் அது என்ன என்று புரிந்துகொண்டார். வேகம் திடீரென்று போகப் போகிறது என்று உதவி பைலட்டிடம் சொன்னார், சொல்லி முடிப்பதற்குள் அது போயே விட்டது. 133, அப்புறம் 119. முழு வலுவும் கொடுத்துப் பார்த்தார்கள். 137 உயிர்கள் போயின. அந்தக் கேப்டன் அறிகுறியைச் சரியாகவே படித்தார். படித்தபோது அவர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள்.

சரி, வேகம் ஏறுவது சாதாரணக் காற்றுவீச்சா, மைக்ரோபர்ஸ்ட்டின் வாசலா என்று எப்படிப் பிரிப்பது? எனக்கு மிகவும் உதவிய ஒரு சோதனை இது. திரையில் உங்கள் உயரத்தில் வீசும் காற்றின் எண் இருக்கும். டவர் சொன்ன தரைக்காற்றோடு அதை ஒப்பிடுங்கள். திரையில் 30 நாட் எதிர்காற்று, டவர் சொல்வது 5 நாட் என்றால், இங்கிருந்து தரைக்குப் போவதற்குள் எங்கோ 25 நாட் காணாமல் போகப்போகிறது. எங்கே என்பதுதான் தெரியாது. டவர் பின்காற்று என்று சொன்னால் இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இடிமேகம் பக்கத்தில் இருக்கும்போது 15 நாட் சும்மா ஏறினால், லீவரைக் குறைக்காமல் கோ-அரவுண்ட் போங்கள். அந்தக் கூடுதல் வேகம் கையில் இருக்கும்போதே ஏறிவிட வேண்டும். வீணாகக் கோ-அரவுண்ட் போய்விட்டோமோ என்று பின்னால் தோன்றலாம். அந்தச் சந்தேகத்தோடு வண்டி ஏறி வீட்டுக்குப் போகலாம், பரவாயில்லை.

அறிகுறி: "விண்ட்ஷியர், விண்ட்ஷியர், விண்ட்ஷியர்", அல்லது வேகம் சரிந்து விமானம் அமுங்குகிறது

இப்போது உள்ளே இருக்கிறீர்கள். இந்தக் குரல் நடந்துகொண்டிருப்பதைச் சொல்வது, வரப்போவதைச் சொல்வதில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1988-ல் பயணிகள் விமானங்களில் இந்த மாதிரிக் கருவியைக் கட்டாயமாக்கியது, டாலஸ் விபத்து அதற்கு ஒரு பெரிய காரணம். குரல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கருவி இல்லாமலே அடையாளம் காண நான்கு எண்கள் பயிற்சியில் உண்டு: வேகம் 15 நாட், இறங்கும் வீதம் நிமிடத்துக்கு 500 அடி, மூக்கின் கோணம் 5 பாகை, சரிவுப்பாதையிலிருந்து விலகலைக் காட்டும் அளவில் ஒரு புள்ளி. இவற்றில் ஏதாவது ஒன்று நீங்கள் செய்யாமல் இதைவிட அதிகமாக மாறினால் அது விண்ட் ஷியர்தான். த்ரஸ்ட் லீவர் வழக்கத்துக்கு மாறான இடத்தில் வெகுநேரம் நின்றாலும் அப்படியே.

செய்ய வேண்டியது:

1. டோகா, முழு வலு. லீவரை முன்தடை வரை தள்ளுங்கள். பாதி வலு கொடுத்துப் பார்ப்போம் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.
2. இறக்கையை மட்டமாக்கி, மூக்கைத் தூக்குங்கள். போயிங்கில் 15 பாகையை நோக்கி. ஏர்பஸ்ஸில் ஃபிளைட் டைரக்டர் (மூக்கை எங்கே வைக்க வேண்டும் என்று திரையில் காட்டும் குறி) சொல்வதைப் பின்பற்றுங்கள், அது இல்லையென்றால் 17.5 பாகை. ஆட்டோபைலட்டை விடுவிப்பதா வைத்திருப்பதா என்பது வகைக்கு வகை மாறும், உங்களுடையதைத் தெரிந்துவைத்திருங்கள்.
3. ஸ்பீட்பிரேக் (இறக்கை மேல் எழும் தடுப்புத் தகடு) வெளியே இருந்தால் உள்ளே.
4. சக்கரத்தையும் ஃபிளாப்பையும் தொடாதீர்கள். ஷியரை விட்டு வெளியே வந்தது உறுதியாகும் வரை அப்படியே இருக்கட்டும்.
5. இன்னும் அமுங்கினால் இன்னும் தூக்குங்கள். ஸ்டிக் ஷேக்கர் (தூக்குவிசை போகப்போகிறது என்று கைப்பிடியை அதிரவைக்கும் எச்சரிக்கை) அதிரத் தொடங்கும் எல்லை வரை போகலாம், அதைத் தாண்டக் கூடாது.

நான்காவதைப் பற்றித்தான் எப்போதும் கேள்வி வரும். சக்கரம் வெளியே இருந்தால் இழுவைதானே, ஏன் உள்ளே இழுக்கக் கூடாது? உள்ளே போகும்போது அதன் கதவுகள் திறக்கும், அந்தச் சில விநாடிகள் இழுவை கூடத்தான் செய்யும். ஃபிளாப்பை உள்ளே இழுத்தால் தூக்குவிசை குறையும். அப்புறம், தரையைத் தொட நேர்ந்தால் வயிற்றுக்குப் பதில் சக்கரம் தொடட்டும்.

மூக்கைத் தூக்குவது உடம்புக்குப் பிடிக்காது. வேகம் 120-க்கு விழும்போது மூக்கை இறக்கி வேகம் சேர்க்கத்தான் கை போகும், மேலே உயரத்தில் அது சரியான பழக்கமும்கூட. தரைக்கு 300 அடியில் அது கொல்லும். 1994 ஜூலை 2, ஷார்லட் நகரில் யுஎஸ்ஏர் 1016 கனமழைக்குள் கோ-அரவுண்டைத் தொடங்கியிருந்தது. மூக்கு சுமார் 15 பாகை மேலே இருந்தது. "கீழே தள்ளு" என்று கேப்டன் சொன்னார், மூக்கு அடிவானத்துக்குக் கீழே போனது. 37 பேர் இறந்தார்கள். ஃபிளாப் நகர்ந்துகொண்டிருந்ததால் அந்த விமானத்தின் எச்சரிக்கைக் கருவி வாயே திறக்கவில்லை.

அடுத்த இருக்கையில் இருப்பவருக்கு ஒரே வேலை: தரையிலிருந்து உயரத்தையும் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதையும் உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பது. "300, இறங்குகிறோம். 250, இறங்குகிறோம். 250, நிலை. 300, ஏறுகிறோம்." ஓட்டுபவர் மூக்கின் கோணத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாத நேரம் அது. இந்தக் குரல்தான் அவருடைய இன்னொரு கண்.

அறிகுறி: எச்சரிக்கை ஏதும் இல்லை, ஆனால் எதுவும் நிலையாக இல்லை

வேகம் ஏறி இறங்குகிறது, பக்கக்காற்று அடிக்கிறது, வைப்பர் முழு வேகத்தில் ஓடியும் ஓடுபாதை விளக்குகள் நீரில் கரைகின்றன. மேகத்துக்குள் இருந்தால் 1,000 அடி, வெளியே தெளிவாகத் தெரிந்தால் 500 அடி: பெரும்பாலான நிறுவனங்கள் வைத்திருக்கும் வாசல் இது. அங்கே வேகம், பாதை, இறங்கும் வீதம், வலு நான்கும் ஒழுங்காக இல்லையென்றால் கோ-அரவுண்ட். 3 பாகைச் சரிவில் 140 நாட்டில் வந்தால் 500 அடியிலிருந்து தரைக்கு சுமார் 40 விநாடி. "அதற்குள் சரியாகிவிடும்" என்று நினைக்க அது போதும், சரிசெய்யப் போதாது.

உதவி பைலட்டுகளுக்கு இங்கே ஒன்று. "சார், கொஞ்சம் வேகமா இருக்கோமோ?" என்று கேள்வியாகக் கேட்காதீர்கள். மழைச் சத்தத்தில் அது கேள்வியாகவே கரைந்துபோகும். சொல்ல வேண்டிய சொல் ஒன்றுதான்: "கோ-அரவுண்ட்". மரியாதைக் குறைவாகிவிடுமே என்று தயங்க வேண்டாம். சொல்லியும் நடக்கவில்லை என்றால் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கும் உரிமையும் கடமையும் உங்களுக்கு உண்டு.

அறிகுறி: சக்கரம் தொடாமல் மிதக்கிறது, அல்லது தொட்டது தாமதம்

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. முதல் முயற்சியைக் கைவிட்டபின், மழையில் எதிர்முனை ஓடுபாதைக்குப் பின்காற்றோடு வந்தது ஒரு போயிங் 737-800. சுமார் 2,700 மீட்டர் ஓடுபாதையில் ஏறத்தாழ பாதி தாண்டியபின்தான் சக்கரம் தொட்டது. முனையைத் தாண்டிச் சரிந்து விழுந்ததில் 21 பேர் இறந்தார்கள். உதவி பைலட் கோ-அரவுண்ட் என்று குரல் கொடுத்திருந்தார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து நான் அந்த ஒரு சொல்லை வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன், ஒவ்வொருவரையும், உரக்க.

தொடுபகுதிக்குள் தொட முடியாது என்று தெரிந்தால் ஏறுங்கள். தொட்டபிறகும் ஏறலாம், ரிவர்ஸ் த்ரஸ்ட் (எஞ்சின் வலுவை முன்பக்கம் திருப்பி வேகம் குறைப்பது) எடுக்காத வரை. ரிவர்ஸ் எடுத்தாயிற்று என்றால் நிறுத்தியே ஆக வேண்டும், மனசு மாறக் கூடாது. தொட்டபின் ஏறும்போது ஒரு பொறி உண்டு. சில விமானங்களில் சக்கரம் தரையில் இருக்கும்போது டோகா பொத்தான் வேலை செய்யாது. 2016 ஆகஸ்ட் 3, துபாயில் எமிரேட்ஸ் 521, ஒரு 777, இப்படித்தான் மாட்டியது: பொத்தானை அழுத்தினார்கள், மூக்கைத் தூக்கினார்கள், எஞ்சின் சும்மாவே சுற்றியது. விமானத்தில் இருந்த 300 பேரும் பிழைத்தார்கள், ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். அதனால் எந்த விமானமாக இருந்தாலும் லீவரைக் கையால் தள்ளுங்கள், எஞ்சின் எண் ஏறுவதைக் கண்ணால் பாருங்கள், அப்புறம் மற்றது.

நின்றுவிட முடிவெடுத்தால், தூக்குவிசையைக் குறைக்க இறக்கை மேல் எழும் ஸ்பாய்லர் எழுந்ததா என்று பார்த்துச் சொல்லுங்கள். 1999 ஜூன் 1, லிட்டில் ராக் நகரில் இடிமழையில் இறங்கிய எம்டி-82 விமானத்தில் அது எழவில்லை, பிரேக் பிடிக்க எடை சக்கரத்துக்கு வரவில்லை. 11 பேர் இறந்தார்கள்.

அறிகுறி: கோ-அரவுண்ட் போயாயிற்று, ஆனால் மூக்கு ரொம்ப மேலே இருப்பது போல இருக்கிறது

எரிபொருள் தீர்ந்து இலேசாக இருக்கும் விமானம், முழு வலு, இருட்டு, மேகம். உடம்பு பின்னால் இருக்கையில் அழுந்துகிறது. உள்காதுக்கு இந்த வேகமாற்றமும் மூக்கு மேலே போவதும் ஒன்று போலவே தெரியும். மல்லாக்கச் சாய்கிறோம் என்ற நிச்சயமான உணர்வு வரும், கை முன்னால் தள்ளும். 2016 மார்ச் 19, ரஷ்யாவின் ரோஸ்தோவில் ஃபிளைதுபாய் 981 விண்ட் ஷியருக்காக முதல் முறை ஏறியது, இரண்டு மணி நேரம் வட்டமடித்துக் காத்திருந்தது, இரண்டாம் முறையும் ஏறியது. அந்த ஏற்றத்தில்தான் மூக்கு கீழே தள்ளப்பட்டது. 62 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

இதற்கு மருந்து, மூக்கின் உண்மையான கோணத்தைத் திரையில் காட்டும் செயற்கை அடிவானம் மட்டும்தான். எண்ணை வாயால் சொல்லுங்கள்: "15 பாகை, ஏறுகிறோம்." உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டாம். ஷியரை விட்டு வெளியே வந்தபின் வலுவைக் கொஞ்சம் குறைத்து நிதானமாக ஏறலாம். இல்லையென்றால் ஃபிளாப்பின் வேக எல்லையும், ஏறுவதை நிறுத்த வேண்டிய உயரமும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ரேடியோ கடைசி. முதலில் விமானம், அப்புறம் பாதை, அப்புறம்தான் பேச்சு.

அடுத்து என்ன: மறுபடி முயற்சியா, வேறு ஊரா

ஒரே கேள்வி கேளுங்கள்: போன தடவைக்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது? மேகம் நகர்ந்திருக்கிறதா, ஓடுபாதையை மாற்றினார்களா, நேரம் போயிருக்கிறதா? ஒன்றும் மாறவில்லை என்றால் அதே காற்றுக்குள்தான் மறுபடி போகிறீர்கள். நிமிடக் கணக்கை மறுபடி போடுங்கள், ஒரு கோ-அரவுண்ட் நிறையவே குடித்திருக்கும். மாற்று நிலையத்துக்குப் போகும் நேரம் நெருங்கினால், நெருங்கும்போதே கிளம்புங்கள். அங்கேயும் மழை வந்துகொண்டிருக்கலாம், உங்களைப் போல இன்னும் ஐந்து விமானங்கள் அதே நிலையத்துக்குத் திரும்பியிருக்கலாம். கடைசிக் கையிருப்பைத் தொடும் நிலை வரலாம் என்றால் "மினிமம் ஃபியூவல்" என்று சொல்லுங்கள், தொடுவது உறுதி என்றால் "மேடே ஃபியூவல்". கூச்சப்பட அதில் ஒன்றுமில்லை.

பயணிகளிடம் இரண்டு வரி போதும், ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள். எஞ்சின் அலறி மூக்கு மேலே போனதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள், ஜன்னலில் தரை தெரிந்து மறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். "ஓடுபாதைக்குப் பக்கத்தில் காற்று சரியில்லை, அதனால் இறங்காமல் ஏறிவிட்டோம். எரிபொருள் போதுமான அளவு இருக்கிறது, பத்து நிமிடத்தில் மறுபடி பேசுகிறேன்." பத்து நிமிடத்தில் பேசவும் செய்யுங்கள்.

இன்னொரு வேலையை மறந்துவிடாதீர்கள். விமானம் நிலைக்கு வந்து கை காலியானதும் டவருக்குச் சொல்லுங்கள். "மோசமாக இருக்கிறது" என்றால் பின்னால் வருபவருக்கு ஒன்றும் புரியாது. எந்த ஓடுபாதை, எந்த உயரம், எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது, என்ன விமானம் என்ற ஐந்தும் வேண்டும். "ஓடுபாதை 27, இறங்கும் பாதையில் 700 அடியில் 15 நாட் கூடியது, 400 அடியில் 25 நாட் குறைந்தது, ஏ320, கோ-அரவுண்ட் போகிறோம்." அவர் இப்போது உங்களுக்கு ஆறு மைல் பின்னால், 2,000 அடியில், சக்கரத்தை இறக்கிக்கொண்டிருப்பார்.